கால்மாட்டுக் கல்

என் ராத்தாவை, எனக்கு மூத்தவளை, நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, ஏழு வயதில், ஒரு காய்ச்சலில் அவள் மௌத்தாகிவிட்டாள். அவளுடைய படம் ஒன்று வீட்டில் இருந்ததாம், அதையும் கடல் கொண்டுபோய்விட்டது. ஆகவே எனக்கு ராத்தா என்றால் கடற்கரை மையவாடியில், கடல் பக்கத்துக் கடைசி வரிசையில் நின்ற மூன்று கற்கள்தான்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரை அடக்கிய கப்றின் மேல் கட்டடம் எழுப்ப மாட்டார்கள், பெரும்பாலும் பெயரும் எழுத மாட்டார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல் நடுவார்கள், அதற்கு மீசான் என்று பெயர். ஆணுக்கு இரண்டு. பெண் என்றால் நடுவில் இன்னொன்று சேர்த்து மூன்று. சின்னப் பிள்ளைக்கும் அப்படித்தான். பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. உம்மா வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு ரோட்டோர மதிலுக்கு வெளியே நின்று, கடல் பக்கம் பார்த்து, மூன்று கல் நிற்கிற இடத்தைக் கண்ணால் தேடிப் பிடித்து ஸலாம் சொல்வார். சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். கப்றில் இருப்பவர்கள் ஸலாத்துக்குப் பதில் சொல்வார்கள் என்பது எல்லாரும் நம்புகிற விஷயம்தான். ஆனால் மற்றவர்கள் அந்தப் பதிலைக் கேட்பதற்காக நிற்பதில்லை. உம்மா நிற்பார். பிறகு, யாரோ "சரி, போயிட்டு வாங்க" என்று சொன்ன மாதிரித் தலையை ஆட்டிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு நடப்பார். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். வளர்ந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

நான் படித்தது கல்லைப் பற்றி. டொக்டருக்குப் படிக்கப் பரீட்சைப் புள்ளி போதவில்லை, இது கிடைத்தது, போனேன். ஊரில் ஒருவருக்கும் அது ஒரு படிப்பாகவே தெரியவில்லை. "கல்லப் படிக்க மலைநாட்டுக்குப் போகணுமா, வாப்பாட ட்ரக்டர்ல ஏறியிருந்தாக் காணுமே" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள். வாப்பா சவளக்கடை ஊருக்கும் அப்பால், வயல் முடிகிற பக்கத்துக் கல்குவாரியிலிருந்து ட்ரக்டரில் கல் ஏற்றி விற்றவர். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் கல்லுச் சேர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று விட்டுவிட்டேன்.

மேல் வகுப்பில் தீப்பாறை பற்றிக் கொஞ்சம் வரும். புத்தகத்தில் அரைப் பக்கம். நான் அதைப் பள்ளிக்கூட அதிபருக்குக் கோபம் வரும்வரை இழுப்பேன். நிலத்துக்கு ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கிறது, அதுதான் மக்மா. அது ஆறத் தொடங்கும்போது, குழம்புக்குள் தறிகெட்டு அலைந்துகொண்டிருந்த அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் இன்னொன்று வந்து ஒட்டும், அதன்மேல் மற்றது, வரிசை பிசகாமல். அப்படித்தான் பளிங்கு, அதாவது படிகம், வளர்கிறது. எல்லாக் கனிமமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நல்ல சூட்டிலேயே உறையக்கூடிய கறுப்புக் கனிமங்கள் முதலில் வரும். அவற்றுக்கு இடம் தாராளம், தங்களுக்கு உரிய வடிவத்தில் முகம் வைத்து வளரும். கடைசியில் வருகிற குவாட்ஸ், பந்திக்குப் பிந்தி வந்தவன் கிடைத்த இடத்தில் குந்துகிற மாதிரி, மற்றவை விட்ட இடுக்குகளை நிரப்பும். அதற்கென்று ஒரு முகம் இருக்காது. இடம் இருந்தால்தான் பளிங்குக்கு முகம் வரும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆறுகிற வேகம். கற்கண்டு செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாகை அசைக்காமல் ஆறவிட்டால் கட்டி கட்டியாக வரும், அவசரப்பட்டால் மா மாதிரிப் பொடியாகிவிடும். ஆழத்தில், ஒரு தொந்தரவும் இல்லாமல், கணக்கில்லாத காலம் எடுத்து ஆறிய பாறையில் பளிங்குகள் விரல் நகம் அளவுக்கு வளர்ந்திருக்கும். அதே குழம்பு ஒரு வெடிப்பு வழியே மேலே ஏறிக் குளிர்ந்த பாறையில் முட்டினால், முட்டிய இடத்திலேயே உறைந்துபோகும். அங்கே பளிங்குகளுக்கு வளர நேரம் கிடைப்பதில்லை. பிறந்த அளவிலேயே நின்றுவிடும், கண்ணுக்குக்கூடத் தெரியாது.

வாப்பா கல் ஏற்றிய குவாரியில் அப்படி ஒன்று இருக்கிறது. வெளிறிய பாறையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. அதன் ஓரம் மை மாதிரிக் கறுப்பு, மணிகள் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் உள்ளே போனால் பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளைப் புள்ளிகள். இன்னும் உள்ளே போனால் அவை ஊசிகள் ஆகும், நடுவில் அரிசி அளவுக்குப் பெருத்திருக்கும். படிக்கிற காலத்தில் ஒரு விடுமுறையில் அங்கே போய், கைவில்லையை, அந்தச் சின்னப் பூதக்கண்ணாடியை, கண்ணில் வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து பார்த்தேன். மனிதர்களே இல்லாத காலத்தில், இருட்டுக்குள், சத்தமே இல்லாமல் ஒன்று தன்பாட்டில் வளர்ந்திருக்கிறது. நல்ல வெயில், பக்கத்தில் ஆட்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எனக்கு முதுகு சில்லிட்டது. கெதியாகத் திரும்பி வந்துவிட்டேன்.

ராத்தாவின் மீசான் மூன்றும் அந்தப் பட்டையிலிருந்து வந்தவை. ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக நீளத்துக்கு ஒரு துண்டை எடுப்பித்து, அதை மூன்றாக உடைத்து, ஓரத்துக் கறுப்பைத் தலைமாட்டில் வைத்து வாப்பா நட்டாராம். கறுப்புக் கல்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாராம். மதிலுக்கு வெளியே நிற்கிற உம்மாவின் கண்ணுக்கு அது தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

பிறகு அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. வாப்பா அந்தக் காலையில் கரையில் நின்றார். அடக்குவதற்கு ஜனாஸா கிடைக்கவில்லை, ஆகவே அவருக்கு மீசானும் இல்லை. கடல் திரும்பிப் போனபோது மையவாடி மணலால் மூடிக் கிடந்தது. மதிலைத் திரும்பக் கட்டியவர்கள், அங்கங்கே புரண்டு கிடந்த மீசான் கற்களைப் பொறுக்கி, மேடாகத் தெரிந்த இடங்களில் நட்டு, எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. நான் அப்போது சின்னவன். உம்மா மதிலுக்கு வெளியே நின்று, கடல் பக்க வரிசையில் மூன்று கல் நின்ற இடத்தைக் கையால் காட்டினார்.

"அந்தா, அதுதான் உண்ட ராத்தா. போய் துஆ கேட்டுட்டு வா மனே."

நான் போய் அந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் உள்ளே போய்ப் பார்த்துத்தானே நிற்கிறேன் என்று உம்மா நம்பினார். உம்மா காட்டிய இடம்தானே என்று நான் நம்பினேன். இருபது வருடமாக வெள்ளிக்கிழமைகள் அப்படியே போயின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருநாளுக்குப் பெருநாள் ராத்தாவின் பேரில் உம்மா ஓர் உடுப்பு வாங்கி ஏழை வீடொன்றுக்குக் கொடுப்பார். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அது சின்னக் கவுனாக இருந்தது. கடல் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துச் சல்வார் ஆனது, பிறகு சாரி ஆனது. கொடுக்கிற வீட்டில் பெரிய பெண்கள் இருக்கிறார்கள் ஆக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

இப்போது கடல் வேறு மாதிரி வருகிறது. ஊருக்குள் ஏறாமல், கரையை நின்று அரிக்கிறது. பாலமுனைப் பக்கமும் இதே பாடுதான். மையவாடியின் கடல் பக்கத்தில் மணல் வெட்டி எடுத்த மாதிரி நிமிர்ந்து நிற்க, கீழே அலை அடிக்கிறது. பள்ளிவாசல் நிருவாகம் மௌலவிகளிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தது. கடல் கொண்டுபோகப் போகிற கப்றுகளைத் தோண்டி, ரோட்டுப் பக்கத்து மேட்டில் திரும்ப அடக்கலாம், குடும்பத்தார் வந்து இடத்தைக் காட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். உம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"அவளையும் கடலுக்குக் குடுக்கேலா மனே. ஒராள் போனது காணும்."

எனக்கும் அதே எண்ணம்தான். வாப்பாவை நாங்கள் தேடாத இடமில்லை. ராத்தா ஒருத்திதான் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவள். அவளையும் இழந்தால் உம்மாவுக்கு மதிலோரம் போய் நிற்கக்கூட ஓர் இடம் மிஞ்சாது.

அஸர் தொழுதுவிட்டு, இடத்தைக் குறித்துக் கொடுக்கப் போனேன். உம்மா மதிலுக்கு வெளியே நின்றார். கற்களில் இருந்த சுண்ணாம்பு உப்புக் காற்றில் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. தலைமாட்டுக் கல்லில் கை வைத்தேன். மிச்சச் சுண்ணாம்பும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது கறுப்பு இல்லை. இளஞ்சிவப்புப் புள்ளிகளும் மினுங்குகிற அபிரகமும் கலந்த வெளிறிய கல். மற்ற இரண்டையும் சுரண்டினேன். அவை கறுப்பு. ஒன்றில் வெள்ளை ஊசிகள், மற்றதில் அரிசி மணிகள். ஓரத்துத் துண்டு, அந்த மை மாதிரிக் கறுப்புத் துண்டு, அங்கே இல்லை. அதன் இடத்தில் வேறு யாருடைய கல்லோ நின்றது.

தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் பார்த்தேன். நான் படுத்தால் சரியாக இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நீளம் எதற்கு? இந்தக் கேள்வி எனக்கு இதற்கு முன் தோன்றவே இல்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. மையவாடியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நான் இத்தனை காலமும் யாருடைய தலைமாட்டில் நின்று ராத்தா, ராத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது கால் இரண்டும் பின்னால் போயின.

அப்போதுதான் அதைக் கண்டேன். கடல் பக்கமாக, மணல் அறுந்து நிற்கிற விளிம்பில், ஒரு கறுப்பு முனை வெளியே தெரிந்தது. மேல் மணலில் அல்ல, அதற்குக் கீழே, பழைய நிலத்தில். புரண்டு கிடக்கவில்லை, நட்டது நட்டபடி நேராக நின்றது. கடல் மணலை அரிக்க அரிக்க அது நாளுக்கு நாள் எழும்பி வந்திருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கிப் போய் ஈரத்தைத் துடைத்தேன். கைவில்லையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெறும் கறுப்பு. மேல்முனையில் முறிந்த முகத்தில் மட்டும், அப்போதுதான் தொடங்குகிற மாதிரி, சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஓடிப்போய் ஊசிக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, முறிந்த முகத்தை முறிந்த முகத்தின் மேல் வைத்தேன். பானைக்கு அதன் மூடி மாதிரி உட்கார்ந்தது. புள்ளிகள் முடிந்த இடத்தில் ஊசிகள் தொடங்கின.

வாப்பா நட்ட தலைமாட்டுக் கல் அசையவே இல்லை. மற்ற இரண்டைத்தான் அலை பிடுங்கிப் போட்டிருக்கிறது. யாரோ அவற்றை எடுத்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கப்றில் நட்டிருக்கிறார்கள். ராத்தா இங்கே, என் காலடியில், கடலுக்கும் எனக்கும் நடுவில் இருந்தாள். நாளைக்கு ஒரு பெரிய அலை வந்தால் போதும்.

உம்மாவிடம் சொல்லாமலே வேலையை முடித்துவிடலாம் என்றுதான் மதிலுக்கு வந்தேன். ஆனால் உம்மாவுக்கு என் முகமே போதும்.

"என்ன மனே, பேயறைஞ்ச மாதிரி வாறாய்?"

"நாம ஸலாம் சொன்ன கப்று ராத்தாட இல்ல உம்மா. ராத்தா அங்கால, கரை அறுந்த இடத்துல இரிக்காள். வாப்பா நட்ட கல்லு அப்பிடியே நிக்கிது."

உம்மா மதிலைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்தக் கப்றுல?"

"வேற ஆரோ. பெரிய பொம்புள ஒராள்."

"பெரிய பொம்புளதான்," என்றார் உம்மா. "எனக்குத் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. உம்மா கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"முந்தி அது சின்னக் கப்று மனே. இஞ்ச நிண்டாலும் தெரியும். கடல் வந்து போன பொறகு பாத்தா, நீண்டிரிக்கி. நான் நினைச்சன், புள்ள வளர்றாள் எண்டு. பதில் சொல்ற குரலும் மாறிட்டுது. முந்திச் சின்னக் குரல். பொறகு பெரிய பொம்புளட குரல். ஓம், வயசு வந்திரிச்சி, வளர்ந்திட்டாள் எண்டு நினைச்சன்."

"மௌத்தானவங்க வளருவாங்களா உம்மா?"

"நீதானே சொல்லுவாய். வீட்டுல சத்தம் போட்டுப் படிப்பாயே. மண்ணுக்குள்ள, இருட்டுல, ஆரும் அசைக்காம வச்சா வளரும் எண்டு. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டிரிக்கன்."

"அது கல்லு உம்மா."

"கல்லே வளருமெண்டா புள்ள வளராதா?"

சாரிகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு பெருநாளுக்கும் உம்மா அவளுக்கு அளவு பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. என் பாடத்தில் எனக்கே ஆத்திரமும் வந்தது. அவர் மனதில் இத்தனை வருடம் வளர்ந்து நின்ற ஒரு மகளை நான் ஒரு கைவில்லையை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். உம்மா அழவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப எனக்குப் பதில் சொன்னது ஆரு?"

நான் நிருவாகத்தாரிடம் கரை அறுந்த இடத்தைச் சொல்லப் போனேன்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சுற்றிவரத் துணி பிடித்துக்கொண்டு தோண்டினார்கள். கடல் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து வந்துகொண்டிருந்தது, பிந்தியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. கிடைத்ததை வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். பாரமே இல்லை. நான் அவளைத் தூக்கியது அதுதான் முதலும் கடைசியும். என்னைவிட மூத்தவள், என் இரண்டு கைக்குள் அடங்கினாள். அந்தப் பெரிய பெண்ணைத் தேடி ஒருவரும் வரவில்லை. அவளையும் மற்றவர்களோடு மேட்டில் அடக்கினோம்.

ராத்தாவுக்கு மதிலோரமாகவே இடம் கிடைத்தது. மண்ணை மூடிய பிறகு மை மாதிரிக் கறுப்புக் கல்லைத் தலைமாட்டில் நட்டோம், ஊசிக் கல்லை நடுவில். கப்று வெட்டுகிற காக்கா அரிசி மணிக் கல்லைக் கையில் எடுத்தபோது மதிலுக்கு அப்பாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"கால்மாட்டுக் கல்லத் தள்ளி நடு மனே. அவளுக்கு இடம் வேணும்."

காக்கா என்னைப் பார்த்தார். "இது சின்னப் புள்ளட கப்று, சேர்."

"நடுங்க காக்கா," என்றேன்.

வளர்ந்த ஒரு பெண்ணின் நீளத்துக்குத் தள்ளி நட்டார். இடம் இருந்தால்தான் முகம் வரும் என்று வகுப்பில் சொல்கிறவன் நான்தானே.

அந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உம்மாவோடு போனேன். இப்போது கப்று மதிலுக்குக் கிட்ட, கையை நீட்டினால் தொடலாம் போல. உம்மா ஸலாம் சொன்னார். காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். கடல் இரைகிற சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கத்தைவிட நேரம் போனது. பிறகு உம்மா வழக்கம்போலத் தலையாட்டவில்லை, அவர் முகம் சுருங்கியது.

"பழைய குரல் மனே," என்றார். "அதே சின்னக் குரல்."

உம்மா இன்னொரு பக்கம் திரும்பி, மேட்டின் மறுகோடியில் புதிதாக நின்ற கப்றுகளில் ஒன்றைப் பார்த்து இரண்டாவது தடவையாக ஸலாம் சொன்னார். "மற்றவ அங்க இரிக்கா," என்றார். அங்கே அன்றைக்கு அடக்கியவர்கள் பலர், மூன்று கல் நட்ட கப்றுகளும் பல. அந்தப் பெண்ணை எதில் அடக்கினோம் என்று நான் உம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. உம்மா பார்த்தது சரியாக அதைத்தான்.

பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பினார். மதிலுக்கு மேலால் எட்டி, தலைமாட்டுக் கல்லிலிருந்து கால்மாட்டுக் கல்வரை கண்ணை ஓட்டினார்.

"அந்தக் கல்லக் கிட்டக் கொண்டு வந்து நடு மனே," என்றார். "அவள் வளரல்ல."

நான் உள்ளே போய்க் கல்லைப் பிடுங்கினேன். எவ்வளவு கிட்ட என்று கேட்கத் திரும்பியபோது, உம்மா தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்து உயரம் காட்டிக்கொண்டு நின்றார்.